மிஷினுக்குள் போன கடிதங்கள்

இது நடந்தது. கூட்டியோ குறைத்தோ சொல்வது பழைய பேப்பர்க்காரன் தராசின் வேலை. இந்த ஒரு சங்கதியில் மட்டும் ஜுபைர் அந்த வேலையைச் செய்யவில்லை.

ஓசூர் சிப்காட் பக்கம் அவன் பழைய பேப்பர் குடோன். காகித மில்லுக்குப் போகிற சரக்கின் நடுவில் தண்ணீர் அடித்து, பேலிங் மிஷினில் வைத்து அமுக்கிக் கட்டுவான். வெளியே காய்ந்த அட்டை, உள்ளே ஈரம். எடை நிற்கும். தொழிலில் இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை.

அன்று ஜவளகிரி சிவராஜ் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தான். கார்கில் சண்டையில் செத்துப்போன அவன் அண்ணன் தீர்த்தகிரி வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். ஜுபைர் ஒன்றைப் பிரித்தான். 'அம்மா, ராத்திரி பக்கத்தில் படுத்திருந்தவன் காலையில் பாதிதான் இருந்தான். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?'

மடித்து, மற்றதோடு சேர்த்து மிஷினில் போட்டான். தண்ணீர் அடித்தான்.

அடியில் வடிந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. மை கரைகிறது என்று நினைத்தான்.

எழுத்தெல்லாம் நீல மை.

மத்தியானம் சிவராஜின் அம்மா சரோஜம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"பாய், என்னைக் கேக்காமப் போட்டுட்டான் பாவி. எம்புள்ள காயிதத்தைக் குடுத்துரு சாமி."

"மிஷின்ல ஏத்துன மால் எதையும் எறக்கறதில்லம்மா. நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

"அது மால் இல்ல. எம்புள்ள."

"அப்ப கொஞ்சம் ஒத்திப் படுக்கச் சொல்லு. இன்னும் நாலு அட்டை போடணும்."

அட்டையைப் போட்டான். பொத்தானை அமுக்கினான்.

இரும்புத்தட்டு பாதியில் நின்றது. கரண்ட் போயிருந்தது. மிஷினுக்குள்ளே...

டொக். டொக்.

சிக்கிய அட்டை என்று நினைத்து, மெயினையும் அணைத்துவிட்டு, வலது கையை உள்ளே விட்டான்.

ஈரக் காகிதம்.

அதற்குள்... விரல்கள். பனிக்கட்டிபோல்.

அவன் கையை இறுகப் பிடித்தன.

"யார்றா உள்ள?"

மெயின் அணைந்தேதான் இருந்தது. தட்டு இறங்கியது...

மெதுவாக.

மணிக்கட்டு நொறுங்கும் சத்தத்தை அவனே கேட்டான். ரத்தம் சரோஜம்மாள் முகத்தில் அடித்தது.

அவள் துடைக்கவில்லை.

துண்டான கையை ஒட்டவைக்கலாம் என்று ஆட்கள் காகிதக் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகத் தேடினார்கள். கடிதங்கள் காய்ந்து, மடிப்புக் குலையாமல் கிடந்தன.

கை இல்லை.

கடிதங்களை அவளிடமே கொடுத்தனுப்பினார்கள். அப்புறம் ஜுபைரின் மனைவி ஹீனா ஜவளகிரியில் விசாரித்து வந்து சொன்னாள். தீர்த்தகிரியின் உடம்பு வந்த பெட்டியில் வலது கை இல்லையாம்.

அடுத்த மாதம் சரோஜம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. தபாலில் புதிதாக ஒரு கடிதம் வந்ததாம். ஜுபைர் கண்முன்னே பிரித்துக் காட்டினாள்.

'அம்மா, இத்தனை வருஷம் எழுத முடியவில்லை. கோவிக்காதே...'

ஜுபைர் பார்த்தான். அவன் குடோன் கணக்கு நோட்டில் இருக்கும் அதே சாய்வு. அதே அழுத்தம்.

எழுத்து அவனுடையது.