எவாந்தியாவின் கறுப்புத் தரை

வட கிரேக்கக் கடற்கரையில் இருக்கிற எங்கள் கவாலாவில் வெள்ளைச் சலவைக்கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. எதிரே தெரிகிற தாசோஸ் தீவை வெட்டி வெட்டிக் கப்பலில் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். வாசற்படி, சமையல் மேடை, கல்லறை எல்லாம் வெள்ளைதான். அப்படிப்பட்ட ஊரில், தன் குளியலறைத் தரைக்குக் கறுப்புக் கல்தான் வேண்டும் என்று எவாந்தியா ஒற்றைக் காலில் நின்றாள்.

நான் தொம்னா, அவளுக்கு நேர் கீழ்வீடு. கல் வாங்கப் போன அன்று துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். அவள் கணவர் பந்தெலிஸ், தீவுக்கும் ஊருக்கும் ஓடுகிற கப்பலில் கயிறு கட்டுகிறவர். அவரும் எங்களோடு வந்தார். கொத்தனார் ஜிசிஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாலிஷ் போட்ட கறுப்பு வேணாம்க்கா. நம்ம ஊர்த் தண்ணில சுண்ணாம்பு ஜாஸ்தி. ஒரு சொட்டு காஞ்சாலும் வெள்ளையா திட்டு விழும். காலும் வழுக்கும். சொரசொரப்பா வெள்ளையே எடுங்க."

"செத்தா வெள்ளைக் கல்லுக்கு அடியிலதானே படுக்கப்போறேன்? உசுரோட இருக்கறவரைக்கும் கறுப்புல நிக்கறேனே!"

பந்தெலிஸ் சிரித்தார். "போட்டுக் குடுத்துருப்பா. இல்லன்னா ராத்திரி சோத்துல கை வச்சிருவா."

போட்டார்கள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு, பொய் சொல்லக் கூடாது. விளக்கைப் போட்டால் கூரை முழுக்கத் தரைக்குள் தெரியும். ஆனால் அதைக் கட்டி மேய்ப்பது யார்? குளித்தவர் ரப்பர் கட்டையால் நீரை ஓட்டி, காய்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். காரமான சோப்பு கூடாது, எலுமிச்சை கூடாது. கல்லுக்குள் நீர் இறங்காமல் இருக்க வருஷத்துக்கொரு முறை பூச்சு வேறு. அவள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள், எதற்கு வம்பு என்று கீழே இறங்கி வந்து என் வீட்டில் கைகால் கழுவிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஒரு தடவை, மகள் ஆர்கிரோவின் பிரசவத்துக்கு எவாந்தியா தெசலோனிகி போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் தரையைப் பளிச்சென்று ஆக்கிவைக்க நினைத்தார் பந்தெலிஸ். கெட்டிலில் படிந்த சுண்ணாம்பு வினிகர் ஊற்றினால் போகிறதே, தரைக்கு மட்டும் போகாதா என்று ஊற்றிவிட்டார். சுண்ணாம்பும் போயிற்று, மெருகும் போயிற்று. தொட்டி ஓரம் ஒரு முழ அகலத்துக்குக் கல் செத்த மீனின் கண்போல மங்கிவிட்டது.

"கல்லைத் தின்னுட்டியேடா பாவி!" என்று அவள் போட்ட சத்தம் என் கூரையைப் பிளந்தது. மனுஷர் மெருகுப் பொடி வாங்கிவந்து, ஞாயிறுதோறும் கோயில் விட்டு வந்ததும் மண்டியிட்டுத் தேய்த்தார். பாதி மெருகு திரும்பியது. அதோடு தரை துடைப்பது அவர் வேலையே ஆகிவிட்டது. வேலை முடிந்து ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. ஊரில் எந்த ஆம்பிளை பொண்டாட்டியின் ஆசைக்காக இப்படி முட்டி தேய்ந்தான்? என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்காட்டினேன். அவர் பேப்பரை இன்னும் உயரத் தூக்கிக்கொண்டார்.

பிறகு பந்தெலிஸுக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் தெருவை, அப்புறம் பேரப்பிள்ளைகளின் பெயரை. எவாந்தியா எல்லாவற்றையும் தாங்கினாள். அவரை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது என்பதில் மட்டும் அவள் அசையவில்லை. ஆர்கிரோ போனில் சொன்னாள், "அம்மா, அவரைக் குளிப்பாட்டி சுத்தமா வச்சுக்க உன்னால முடியறவரைக்கும் வச்சுக்கோ. முடியலன்னா முதியோர் இல்லந்தான். நீயும் விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

ஒரு காலையில் அவர் குளியலறை வாசலில் நின்று கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டார். எவாந்தியா கத்தியதைக் கேட்டு நான் மாடியேறி ஓடினேன்.

"யாருடி இங்க கெணறு வெட்டினது?" என்று நடுங்கினார். "உள்ள தண்ணி நிக்குது பாரு."

"கெணறு இல்ல பந்தெலிஸ், நம்ம தரை. நீ துடைக்கிற தரை."

"என்னைத் தள்ளிவிடப் பாக்கறியா?"

இந்த நோய்க்காரர்கள் சிலருக்குக் கறுப்புத் தரை பள்ளமாகத் தெரியும் என்றார் டாக்டரம்மா. வெள்ளை விரிப்புப் போட்டுப் பார்த்தோம். அது மிதக்கிறது என்றார். உள்ளே கால் வைக்கவே மறுத்து, பால்கனித் துளசித் தொட்டியில் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தார். உடம்பில் நாற்றம் ஏறியது. பார்க்க வந்த ஆர்கிரோ மூக்கைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மறுநாளே எவாந்தியா ஜிசிஸைக் கூப்பிட்டாள். "உடைச்சுப் போடு. நீ அன்னிக்கு சொன்ன வெள்ளையையே போடு."

"நல்லா இருக்கற கல்லுக்கா..."

"எனக்குக் கல்லா முக்கியம்?"

உடைக்கிற ஒவ்வோர் அடியும் என் தலைக்கு மேல் விழுந்தது. அவள் என் சமையலறையில் உட்கார்ந்து காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டாள். பந்தெலிஸ் பக்கத்தில் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

வெள்ளைத் தரை காய்ந்ததும் பந்தெலிஸ் தயங்காமல் உள்ளே காலெடுத்து வைத்தார். எவாந்தியா என்னைப் பார்த்துக் கண்ணீரும் சிரிப்புமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தமும், "காதுக்குப் பின்னாடி தேய்" என்ற அவள் அதட்டலும் கேட்டன. ஜெயித்துவிட்டாள் என்று கூடத்தில் உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டேன்.

தலை வாரி, துவைத்த சட்டையோடு வெளியே வந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தார்.

"ரொம்ப நன்றிம்மா. சுத்தமா வச்சிருக்கீங்க வீட்டை. நான் கெளம்பறேன், என் பொண்டாட்டி காத்துக்கிட்டிருப்பா."

கல்யாணமான நாளிலிருந்து 'டி' போட்டுக் கூப்பிட்ட மனிதர் அவளை 'நீங்க' என்றார்.

"இதுதான் உன் வீடு, பந்தெலிஸ்."

"இல்லம்மா. எங்க வீட்டுல குளிக்கற தரை கறுப்பு. ஒரு சொட்டு தண்ணி கெடந்தாலும் அவ கொன்னுடுவா. நான் போய்த் துடைக்கணும்."

அன்றிலிருந்து தினமும் கோட்டை மாட்டிக்கொண்டு கதவடியில் நின்றார். இரண்டு முறை துறைமுகம்வரை போய்விட்டார். இரண்டாவது முறை கரைக்கும் கப்பலுக்கும் நடுவே கால் வைக்கப் போனவரைப் பழைய சகாக்கள்தான் பிடித்து நிறுத்தினார்கள். முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போக ஆர்கிரோ காரோடு வந்தாள். எவாந்தியா இந்த முறை அவர் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

வீட்டுக்குப் போகிறோம் என்று சொன்னதும் குழந்தைபோல அவரே முதலில் படியிறங்கினார். கார்க் கதவருகே நின்றவர், ஏதோ மரியாதை மறந்துபோனதுபோல் திரும்பி வந்து எவாந்தியாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இத்தனை நாள் பாத்துக்கிட்டீங்க. உங்க வீட்டுக்காரர்தான் கண்ணுலயே படல. நான் ரொம்ப விசாரிச்சதா சொல்லுங்க."

"சொல்றேங்க," என்றாள் எவாந்தியா.