எந்த மீன் மேலே

கல் அறுக்கும் பட்டறையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'. முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள். அவள் தலை மறைந்ததும், "சந்தேகம் சாப்பிடப் போயிருக்கு, அதுக்குள்ள லோடு ஏத்திடுங்க" என்பார்கள். அவளுக்கும் இது தெரியும். ஒருமுறை புதிதாக வந்த லாரி ஓட்டுநர் நேராக அவள் மேசைக்கே வந்து, "இங்க சந்தேகம்னு ஒருத்தங்க கையெழுத்துப் போடணுமாமே, அவங்க எங்க?" என்று கேட்டுவிட்டார். அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். போட்டது சரியான தாளில்தானா என்று இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

அவள் வேலை கணினியில் தரை வரைவது. பெரிய கட்டடங்களின் முன்கூடத்தில் பல நிறக் கற்களைத் துண்டு துண்டாக அறுத்து, பூவும் வட்டமும் நட்சத்திரமுமாகச் சேர்த்துப் பதித்திருப்பார்கள் இல்லையா, அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் முதலில் அவள் திரையில்தான் பிறக்கும். ஒரு வட்டத்தின் மேல் ஒரு நட்சத்திரம் ஏறி நின்றால், அதற்கு அடியில் மறைகிற வட்டக் கோட்டை டிரிம் செய்து, அதாவது வெட்டி, எடுத்துவிட வேண்டும். பிறகு எந்தத் துண்டு எந்தக் கல் என்று தெரிவதற்காக ஒவ்வொன்றையும் ஹேட்ச் போட்டு நிறத்தால் நிரப்ப வேண்டும். அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கொட்டகையில் இருக்கும் மிஷின், ஊசி போலப் பீய்ச்சும் தண்ணீரால் கல்லை அறுக்கும். மிஷினுக்கு யோசனை கிடையாது. கோடு இருந்தால் அறுக்கும்.

சேர்ந்த புதிதில் அவள் இப்படி இருந்தவள் இல்லை. முதல் வருடம் ஒரு துணிக்கடைத் தரையில், நட்சத்திரத்துக்கு அடியில் கிடந்த வட்டத்தை வெட்டாமல் விட்டுவிட்டாள். திரையில் ஒரு குறையும் தெரியவில்லை. மேலே போட்ட நிரப்பு, கீழே இருந்த கோட்டை அப்படியே மூடிவிட்டது. மிஷின் வட்டத்தையும் முழுசாக அறுத்தது, நட்சத்திரத்தையும் முழுசாக அறுத்தது. கடையில் பதிக்கப் போனவர்கள், "ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கவா, இல்ல பக்கத்துல பக்கத்துல வைக்கவா?" என்று போனில் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. முதலாளி பெரிதாகத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும் என்று அவள் பின்னால் சொல்வாள். அதன் பிறகு எதைக் கண்ணால் பார்த்தாலும், பார்த்ததற்கு அடியில் என்ன கிடக்கிறதோ என்றே தோன்றியது.

வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் வந்தது. தெருமுனை வரை போய்விட்டு, கேஸை மூடினோமா என்று திரும்பி ஓடுவாள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்ததில் தளர்ந்திருக்குமோ என்று மறுபடி இழுப்பாள். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர், பொறுமைசாலி. "நான் வண்டியை எடுத்துட்டா பின்னாடி போறதே கிடையாது. இவ முன்னாடி போறதே கிடையாது. எப்படியோ குடும்பம் ஓடுது" என்பார்.

அவளுடைய ஒரே தங்கை அப்படிச் சிரித்துவிட்டுப் போகிறவள் இல்லை. பள்ளிக்கூட ஆசிரியை, மூக்குக்கு மேல் கோபம். இரண்டு வருடங்களுக்கு முன் தங்கை மகளின் பிறந்தநாளன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, கேக் வெட்டுவதற்குச் சற்று முன் பெரியம்மாவைக் காணவில்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்தினோமா என்று பார்க்க வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது விருந்தினர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வீட்டு நாற்காலியில மட்டும் உனக்கு முள்ளு குத்துதா?" என்று தங்கை வாசலிலேயே கேட்டாள்.

மோட்டார் நின்றுதான் இருந்தது என்று இவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதோடு அக்கா தங்கை பேச்சு நின்றது.

மறுபடி அதைத் தொடங்கி வைத்தது ஆண்கள்தான். ஒருநாள் தங்கையின் கணவர் இவள் கணவர் ஓட்டிய பேருந்தில் ஏறினார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் சகலைகள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள்: வருகிற ஞாயிறு மதியச் சாப்பாடு தங்கை வீட்டில்.

அந்த வாரம் பட்டறையில் மீன் வேலை. ஒரு புது ஓட்டலின் முன்கூடத்துக்கு ஓர் ஓவியர் குளத்து மீன்களை வரைந்து அனுப்பியிருந்தார். மீன்மேல் மீன் புரண்டு நீந்தும். அவற்றின் மேல் நீர் வளையங்கள் விரியும். அவருக்கு அது அழகு. இவளுக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வி: இங்கே எந்த மீன் மேலே, எந்த மீன் கீழே? கீழே போகிற மீனின் வாலை மேலே இருப்பதன் விளிம்போடு வெட்ட வேண்டும். வெட்டினால் வாலின் நிரப்பு தன் கரையை இழந்து பக்கத்துத் தண்ணீருக்குள் வழியும். மறுபடி கரை கட்டி, மறுபடி நிரப்ப வேண்டும். முடி அளவு இடைவெளி இருந்தாலும் கணினி முரண்டு பிடிக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி வந்து தலைக்கு மேல் நின்றார். "நாளைக்கே மிஷினை ஓட்டணும்மா. ஓட்டல்காரங்க திறப்புத் தேதி குறிச்சிட்டாங்க."

ஃபைலை அனுப்புவதற்கு முன், நிரப்புகளை எல்லாம் அணைத்துவிட்டு வெறும் கோடுகளாக ஒரு முறை பார்ப்பது அவள் வழக்கம். அன்றைக்கு முதலாளி கார் சாவியை ஆட்டிக்கொண்டே நின்றார். பார்த்தோமா, பார்க்கவில்லையா என்று நினைவில் நிற்காமலே அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. தங்கை வாசலுக்கு வந்து "வா" என்றாள். அக்கா கழற்றிய செருப்பைக் காலாலேயே நகர்த்தி, வெயில் படாத இடத்தில் வைத்தாள். பிள்ளைகள் உள்ளறையில் டிவி பார்த்தார்கள். பெரியவர்கள் நால்வரும் மேசையில் உட்கார்ந்தார்கள். சகலைகள் போக்குவரத்து நெரிசலைப் பற்றி விடாமல் பேசி மௌனம் விழாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப என்ன வேலை போயிட்டிருக்கு?" என்று தங்கை கேட்டாள்.

அக்காவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. திரையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினாள். தங்கை படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"நல்லா இருக்கே. நிஜ மீன் மாதிரியே இருக்கு." இன்னும் பெரிதாக்கினாள். "இந்தப் பச்சை மீனோட வாலு, சிவப்பு மீனுக்கு மேல போகுதா, அடியில போகுதா?"

கேட்டது அவ்வளவுதான். அடியிலதான் என்று சொல்ல வாயெடுத்த அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள். அடியில்தான். ஆனால் வெட்டினோமா? படத்தில் சிவப்பு மீன் நிறைந்து படுத்திருந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எந்தப் படம் சொல்லும்?

கை கழுவுகிற சாக்கில் எழுந்துபோய் மிஷின்காரருக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மிஷின் ஓடும்போது அவர் காதை மூடிக்கொள்வார். இடி விழுந்தாலும் கேட்காது. மறுபடி அடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கணவர் காதோடு, "என்ன, கேஸா?" என்றார்.

"மீன்" என்றாள்.

சாப்பிட்டு முடிக்கிறவரை அசையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயில் போட்டது எதுவென்று நாக்குக்குத் தெரியவில்லை. மேசைக்கு அடியில் கால் தானாக ஆடியது. தண்ணீர் டம்ளர்கள் கிடுகிடுத்தன. தங்கை டம்ளரைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"போகணும், அதானே?"

"இல்ல இல்ல. சாப்பிட்டுட்டு..."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுக்கா."

"நீ கேட்டியே அந்த வாலு. அதை வெட்டலைன்னா பச்சைக் கல்லு மொத்தமும் வீணாயிடும். மிஷின் இப்ப ஓடிட்டிருக்கு. மிஷின்கார அண்ணன் போனை எடுக்க மாட்டேங்கிறாரு."

தங்கை விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். இனி கதவைச் சாத்திக்கொள்வாள் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவள் ஸ்கூட்டர் சாவியோடு திரும்பி வந்தாள்.

"வா, நானே கொண்டு போய் விடறேன். நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க. இவ அப்படி எங்கதான் ஓடறான்னு இன்னைக்கு நானும் பார்த்துடறேன்."

வழியில் ஓரிடத்தில் அக்கா, "கொஞ்சம் வேகமாப் போயேன்" என்றாள். "சிகப்பு எரியுது" என்றாள் தங்கை.

கொட்டகைக்குள் நுழைந்தபோது தண்ணீரின் சீறல் காதைக் கிழித்தது. தொட்டியில் பச்சைக் கல் கிடந்தது. குழாய் முனை மீனின் முதுகு வழியாக வாலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. கத்தினால் கேட்காது. அவள் வாசலில் நின்றே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வீசினாள். நிமிர்ந்து பார்த்த மிஷின்காரர், யாருக்கோ கை போய்விட்டது என்று நினைத்துச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார்.

சீறல் நின்றது. சொட்டுச் சத்தம் மட்டும் மிச்சம்.

"யாருக்கும்மா அடி?"

"யாருக்கும் இல்லண்ணே. இந்த வாலு... வெட்டினேனான்னு..."

அவர் காதிலிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார். பக்கத்திலிருந்த கணினியைக் கையால் காட்டினார். அவள் உட்கார்ந்து நிரப்புகளை அணைத்தாள். நிறமெல்லாம் போய்க் கோடுகள் மட்டும் நின்றன. பச்சை மீனின் வால், சிவப்பு மீனின் விளிம்பில் கச்சிதமாக நின்றிருந்தது. அடியில் ஒன்றும் இல்லை. மற்ற மீன்களையும் வளையங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சுத்தம். சனிக்கிழமை மனசு எங்கோ இருந்தபோது கை தன்பாட்டுக்கு வேலையை முடித்திருக்கிறது.

போன உயிர் வந்தது. பாதிதான் வந்தது. மிஷின்காரர் குனிந்து கல்லின் ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டிருந்தார்.

"இங்க வந்து பாரு. நடுவுல நிறுத்தினா ஓரம் பேந்து பல்லு விழும்னு உனக்குத் தெரியாதா? இதே பச்சையில வேற பலகை இல்ல." அவர் குரல் உயரவில்லை. "வாலை வெட்டினியோ இல்லையோ, இப்ப முதுகை வெட்டிட்ட."

மீனின் முதுகில் கடித்தது போல ஒரு சிறு பள்ளம். அவள் அங்கே கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். தங்கை ஹெல்மெட்டை மார்போடு பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு மோட்டாரும் நின்னுதான இருந்துச்சு?"

"ஆமா."

"அப்ப நீ ஓடறது எங்க வீட்டால இல்ல."

அக்கா தலையை நிமிர்த்தினாள். "உங்க வீட்டுல என்னடி குறை?"

"ரெண்டு வருஷமா அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருந்தேன்" என்றாள் தங்கை.

அக்கா எழுந்துபோய் மறுபடி கணினி முன் உட்கார்ந்தாள். பள்ளம் விழுந்த இடத்தில் மீன் முதுகின் மேல் ஒரு துடுப்பை வரைந்தாள். முதலில் சிறிதாக வந்தது. அழித்துவிட்டுப் பள்ளம் முழுவதும் உள்ளே அடங்குகிற மாதிரி வரைந்தாள். துடுப்புக்கு அடியில் போன முதுகுக் கோட்டை வெட்டினாள். திறந்துகிடந்த கரையை மூடிக் கறுப்பால் நிரப்பினாள். கறுப்புக் கல் பட்டறையில் வேண்டிய மட்டும் கிடந்தது. முதலாளிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்ததை, போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "சரி, ஒட்டுப் போட்டது தெரியாம இருந்தா சரி" என்று வந்தது.

"அடியில போற கோட்டை எடுத்துட்டியாம்மா?" என்று மிஷின்காரர் கேட்டார். குத்தலாகத்தான் கேட்டார்.

"நீங்களே பாருங்கண்ணே" என்று நாற்காலியை விட்டு எழுந்தாள். அவர் உண்மையாகவே உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினார். அவள் வாழ்க்கையில் அப்படி வேறொருவர் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் மிஷினை ஓட்டத் தொடங்கியதும், அதிசயமாக, அவள் வெளியே வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை முதலாளியிடம் நேரில் மிச்சம் திட்டும் வாங்கினாள். அன்றிலிருந்து எந்த ஃபைலும் இருவரும் உட்கார்ந்து வெறும் கோடுகளாகப் பார்க்காமல் மிஷினுக்குப் போகக் கூடாது என்று மிஷின்காரரே சட்டம் போட்டார். அவர் பார்த்தால் இவளுக்குச் சந்தேகம் பாதி குறைந்தது. மீதிப் பாதி அவளோடுதான் இருக்கிறது. ஓட்டல் திறப்புக்கு வந்த ஓவியர் அந்தக் கறுப்புத் துடுப்பைப் பார்த்து, தான் வரைந்ததிலேயே நன்றாக வந்தது அதுதான் என்று யாரிடமோ சொன்னாராம்.

தங்கை வேறொரு வழி கண்டுபிடித்தாள். "இனிமே நீ எங்க வீட்டுக்கு வராத. நாங்க வர்றோம். உன் வீட்டுலேயே இருந்தா நீ எந்திரிச்சு எவ்வளவு தூரம் போயிடுவ?"

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் இங்கே வருகிறார்கள். போன முறை சாப்பாட்டுக்கு நடுவே அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். தங்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்திரிச்சதுதான் எந்திரிச்ச, வரும்போது தண்ணி கொண்டு வாக்கா" என்றாள்.