முகாம் மதிலோரம் மெதுவாகப் பேசவும்

என் பிள்ளைகளுக்காக நான் ஒரு கொப்பி எழுதினேன். எண்பது பக்கக் கொப்பி. அட்டையில் 'அம்மா இருக்கும் ஊர்' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே ஒரு பஸ் வரைந்தேன். அது பிஸ்கட் டின் மாதிரி வந்தது. மகன் பெரிய மனது பண்ணி பஸ் என்றே சொல்வான் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அப்போது மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. அவர்களுடைய அப்பா இறந்த பிறகு, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வெளியே உள்ள ஒரு நகரத்துக்கு, ஆடைத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவள் நான். பிள்ளைகளை அவருடைய அக்காவிடம் தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே விட்டிருந்தேன். ஒரே வருடம், கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றேன். மூன்று வருடமாயிற்று. கடைசியில், நாலு பேரோடு இருந்த போடிங்கை விட்டு ஒரு தனி அறைக்குப் போனேன். தமிழ் வகுப்பு உள்ள பள்ளிக்கூடம் ஒன்றையும் விசாரித்து வைத்தேன். ஜனவரியில் பிள்ளைகள் என்னோடு. அதற்கு முன் டிசம்பர் லீவில் ஒரு வாரம் வந்து பார்க்கட்டும், பயம் தெளியட்டும் என்றுதான் அந்தக் கொப்பி.

இந்த ஊரில் பாதி இராணுவ முகாம். சந்தியிலிருந்து ரயில் நிலையம் வரை ஒரே மதில். மறு பாதியில் கேக் கடை, செருப்புக் கடை, டியூஷன் போர்டுகள், எங்களைப் போல வாடகைக்கு இருக்கிறவர்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிற மாதிரியே எழுதினேன். 'இந்த ஊரில் குளிர் இல்லை. கம்பளிச் சட்டை தேவையில்லை. இரத்தம் குடிக்கிற அட்டைகள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பெரிய சந்தை கூடும். தோட்டத்தில் பெரட்டுக்கு வேலையாட்களைக் கூட்டச் சங்கு ஊதுவது போல, முகாமில் காலையில் கொம்பு ஊதுவார்கள்.'

கடைசிப் பக்கத்தில் 'கவனிக்க வேண்டியவை' என்று தலைப்புப் போட்டு மூன்று எழுதினேன். பாதையைக் கடக்கும்போது அம்மாவின் கையைப் பிடிக்கவும். இராணுவக்காரர் வந்தால், தோட்டத்தில் துரைக்கு ஒதுங்குவது போல ஓரமாக நிற்கவும். முகாம் மதிலோரம் தமிழில் சத்தம் போட வேண்டாம், மெதுவாகப் பேசவும்.

இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. சண்டை முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இந்த ஊரில் ஒருவர்கூட என்னை முறைத்துப் பார்த்ததில்லை. ஆனால் சண்டைக் காலத்தில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா எங்களைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் ஏறியதும் திரும்பி, வாயில் விரல் வைத்துக் காட்டினார். இறங்கும்வரை அவரை நாங்கள் அப்பா என்று கூப்பிடவில்லை. அந்தப் பயத்தை நான் பத்திரமாக வைத்திருந்து, அழகான கையெழுத்தில் என் பிள்ளைகளுக்கு எழுதி அனுப்பினேன். புத்தி கெட்டவள்.

மகள் அதைத் தம்பிக்குத் தினமும் வாசித்துக் காட்டினாள். போனில் அவன் ஒப்பித்தான். "அட்டைகள் கிடையாது!" என்று சொல்லும்போது மட்டும் அவனுக்குச் சிரிப்பு தாங்காது.

பிள்ளைகள் வந்த அன்றே சந்தியில் ஒரு ஜீப் எங்களைக் கடந்தது. இரண்டு பேரும் சட்டென்று வடிகான் ஓரமாக ஒதுங்கினார்கள். மகன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, துரைக்கு நிற்கிற மாதிரியே விறைப்பாக நின்றான். ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்துக் கை காட்டினார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அறைக்குள்ளும் அவன் கிசுகிசுத்தான். "இங்க ஏன்டா மெதுவா பேசுற?" என்றேன்.

"ஜன்னல்ல மதில் தெரியுதும்மா."

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று வேலை இடத்தில் வேறு பெருமையடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனோம். சந்தையும் மதிலை ஒட்டித்தான். நெத்திலிக் கருவாடு வாங்க ஒரு நிமிடம் கையை விட்டேன். திரும்பினால் மகன் இல்லை.

நான் கத்தினேன். அந்த மதிலுக்கு எதிரே, தமிழில், தொண்டை கிழிய அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கருவாட்டுக்காரர் கடையை விட்டுவிட்டு என்னோடு ஓடினார். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தையை மூன்று தரம் சுற்றினோம். பிள்ளையின் அப்பாவிடம் நான் என்ன பதில் சொல்வேன் என்று, இறந்து போனவரை நினைத்துக்கொண்டே ஓடினேன்.

"நங்கி, மே ஒயாகே புத்தாத?"

உங்கள் மகனா என்று சிங்களத்தில் கேட்டபடி ஒரு இராணுவக்காரர் நின்றார். சீருடையோடு தேங்காய் வாங்க வந்தவர். பக்கத்துக் கடையின் படங்குத் துணியை அவர் தூக்கிப் பிடித்திருந்தார். உள்ளே, தேங்காய்க் குவியலுக்கும் கம்பத்துக்கும் நடுவில், தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் மகன் நின்றான். முகமெல்லாம் கண்ணீர், வாய் இறுக மூடியிருந்தது. அந்த மனிதர் வந்ததும் வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறான். ஒதுங்கியவன் அங்கேயே நின்றுவிட்டான். நான் கருவாடு வாங்கிய இடத்திலிருந்து பத்து எட்டுத் தூரம்தான் இருக்கும்.

"நான் தேடுனத நீ பாக்கலியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன்டா அம்மான்னு கூப்புடல?"

அவன் மதிலை ஒரு தரம் பார்த்துவிட்டு என் காதில் சொன்னான். "சத்தம் போட வேண்டாமுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

அந்தப் பக்கத்தை அன்று பின்னேரமே கிழித்தேன். அவனை மதிலோரம் கூட்டிப்போய், "அம்மா சும்மா எழுதிட்டேன் சாமி, எவ்வளவு சத்தமா வேணும்னாலும் பேசலாம், இங்க பாரு" என்று நானே உரக்கக் கத்திக் காட்டினேன். அவன் எட்டி என் வாயைப் பொத்தினான். விரல்கள் சில்லென்று இருந்தன. "வேணாம்மா," என்றான். எழுதியதைக் கிழிக்க முடிந்தது. அவ்வளவுதான் முடிந்தது.

மறுநாள் தலைவாரிவிடும்போது மகள் சொன்னாள். "நான் வேணும்னா ஒங்ககூட இருக்கேம்மா. தம்பி வேணாம். அவன் இங்க சிரிக்கவே மாட்டேங்குறான்."

தம்பியைப் பிரிந்து அவள் எப்படி இருப்பாள்? நான்தான் பிரிந்து பழகியவள்.

வாரம் முடிய நானே அவர்களைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். வழி நெடுக அவன் என் மடியில்தான் இருந்தான். ஜனவரிக்குள் பயம் போய்விடும், சின்னப் பிள்ளைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஹட்டனில் ரயில் வேகம் குறைந்தபோது, அவன் மடியிலிருந்து எழுந்து ஜன்னலில் தொற்றினான். மேடையில் கூட்டத்துக்கு நடுவே, பிள்ளைகளை வளர்க்கிற என் கணவரின் அக்கா நின்றிருந்தார்.

"அத்தே! அத்தே!"

மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது, பெற்றவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டு வைத்திருந்த இரண்டு இடமும் வேண்டாமென்று, திரும்பி வந்ததும் சொல்லிவிட்டேன்.