நான் பேசாமல் இருந்த ஆறு மாதம்

எழுபதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் பெங்களூரில் ஹெலிகாப்டர் ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் வேலை பார்த்தார். நான் தருமபுரி பக்கம் இண்டூர் கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயந்திரம் தருமபுரியில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து வருவார்.

அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ஹெலிகாப்டரின் தலைமேல் சுற்றுகிற இறக்கையைச் சின்னதாகச் செய்து, மேடையில் மாட்டிச் சுழற்றுவார்களாம். எவ்வளவு எடை தூக்கும், எப்போது நடுங்கும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுமாம். அது சொன்னபடி நடக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது இவர் வேலை. ஊரில் யாருக்கும் இது விளங்காது. எனக்கு விளங்கியதில் கொஞ்சம் கர்வம்தான்.

அப்புறம் ஒரு வருஷம் ஆள் மாறிப்போனார். மாட்டைப் பிடித்துக் கட்டச் சொன்னால் வத்தல்மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிணற்றை ஆழப்படுத்தலாமா என்று கேட்டால் சும்மா சிரிப்பார். பெரிய படிப்பாளிகளோடு பழகுகிறவருக்கு என் பேச்சு எதற்கு என்று நினைத்தேன். ஒரு ஆளைப் பத்துத் தடவை கூப்பிட்டுக்கொண்டு நிற்கிற வீட்டில் நான் பிறக்கவில்லை. பேச்சை நிறுத்தினேன். சோறு போட்டேன், துணி துவைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினேன்.

ஒரு ஞாயிறு, அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர் வந்தார். வாசலிலிருந்தே கத்தினார்.

"அண்ணே! செவுட்டு அண்ணே! வூட்ல இருக்கீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னங்க பேச்சு இது?"

"அக்கா, உங்களுக்குத் தெரியாதுங்களா? அந்த இறக்கை சுத்தற சத்தத்துக்குக் காதுல பஞ்சு வைக்கச் சொன்னா வைக்க மாட்டாருங்க. இறக்கை உடையறதுக்கு முன்ன சத்தம் மாறுமாம், பஞ்சு வச்சா அது தெரியாதாம். கம்ப்யூட்டர் சொல்லாதத அண்ணன் காது ரெண்டு தடவ சொல்லுச்சு. இப்ப அந்தக் காதே போச்சுங்க."

அவர் போனதும் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். காதருகில் குனிந்து கத்தினேன்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, வேலய வுட்டுட்டு வாங்கன்னுவ."

"ஆறு மாசமா நான் உங்ககிட்ட பேசவே இல்லங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பேசலியா? அந்தப் பக்கம் திரும்பி நீ என்னமோ பேசிட்டுத்தான் இருக்கறன்னு நெனச்சேன் புள்ள. உன் கொரலும் எனக்குக் கேக்காமப் போச்சேன்னுதான் இருந்தேன். வாரா வாரம் உன் முதுகப் பாத்துத் தலயாட்டிக்கிட்டு இருந்தேன்."