பேர் சொல்லாத மன்றாட்டு

எங்கள் பங்குக் கோயிலில் மாதம் ஒரு சனிக்கிழமை, வளரிளம் பிள்ளைகளைப் பெற்றவர்களும் அவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களும் மறைக்கல்வி அறையில் கூடுவார்கள். அதை ஆரம்பிக்கச் சொல்லிப் பங்குச்சாமியாரை நச்சரித்தவள் நான்தான். சமூகப்பணி படித்து முடித்த சூடு. கையில் மார்க்கர், சுவரில் சார்ட், ஓயாத பேச்சு.

மூன்றாவது கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது ஓர் அக்கா மட்டும் போகாமல் நின்றார். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். மகள் பத்தாம் வகுப்பு.

“ஏத்தா, ஒன்கிட்ட மட்டும் சொல்றேன். நாலு நாளா இவ பள்ளிக்கூடம் போகல. யூனிபார்மப் போட்டுக்கிட்டு பஸ்ஸுல கம்பம் வரைக்கும் போறது, அப்படியே திரும்புறது. கண்டக்டர் சொல்லித்தான் தெரியும்.”

“ஏங்க்கா?”

“எந்திரிச்சு இங்கிலீசு வாசிக்கச் சொல்றாகளாம். இவளுக்குத் திக்குதாம், பிள்ளைக சிரிக்குதுகளாம். அவுக அப்பாவுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா மறுநாளே படிப்ப நிறுத்தித் தோட்டத்துல விட்ருவாக.”

“கவலப்படாதீகக்கா, டீச்சர்கிட்ட நான் பேசுறேன்.”

அன்று சாயங்காலமே பேசினேன். ஆங்கில ஆசிரியை எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்தான். இனி அவளை எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை என்று உடனே ஒப்புக்கொண்டார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

மறுநாள் பூசையில் எல்லோர் சார்பாகவும் வாசிக்கும் மன்றாட்டுகளை எழுதுவது என் முறை. திருத்தந்தைக்கு ஒன்று, நாட்டுத் தலைவர்களுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று எழுதி எழுதி எனக்குச் சலித்திருந்தது. உயிருள்ளதாய் ஒன்று வேண்டும் என்று உட்கார்ந்து எழுதி, மைக்கில் நானே வாசித்தேன்.

“பள்ளிக்கென்று புறப்பட்டு, பயத்தால் பேருந்திலேயே போய்த் திரும்பும் பத்தாம் வகுப்பு மகளுக்காகவும், திராட்சைப் பந்தலின் கீழ் கண்ணீர் விடும் அவள் தாய்க்காகவும் உம்மை மன்றாடுகிறோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது கோயில் முழுவதும். எனக்குப் புல்லரித்தது. பூசை முடிந்ததும் இரண்டு பேர் வந்து, “நல்லா எழுதியிருந்த பாப்பா” என்றார்கள். மூன்றாவது ஆள் வருவாரா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் கோயிலுக்கு வருவதில்லை. ஞாயிறு காலையில் எதிரே டீக்கடையில்தான் இருப்பார். கோபுரத்து ஒலிபெருக்கி அந்தக் கடையைப் பார்த்துத்தான் இருக்கிறது. எனக்குத் தெரியாததில்லை.

திங்கட்கிழமையும் அவள் வரவில்லை என்று ஆசிரியை சொன்னதும் தோட்டத்துக்கு ஓடினேன். பந்தலுக்குக் கீழே அவள் பெட்டியில் குலை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அம்மா கையில் கத்தரியோடு வந்தார்.

“நான் பேரு சொல்லலையேக்கா,” என்றேன். மன்னிப்புக்கு முன்னால் அதுதான் வாயில் வந்தது.

“பேர மட்டும் விட்டுட்ட. பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு ஆத்தா, திராட்சைக்குப் போறவ, நம்ம கோயில்ல எத்தன பேரு இருக்கோம்? குடிச்ச டீய அப்படியே வச்சிட்டு இவ அப்பா வீட்டுக்கு வந்துட்டாக. ஏன், சாமிகிட்ட எனக்குச் சொல்லத் தெரியாதா? நீ மைக்குல சொல்லணுமா?”

அவர் குலை வெட்டப் போய்விட்டார்.

சரிசெய்தது ஆசிரியைதான். தினமும் பள்ளி விட்டதும் அந்த வீட்டுக்கு நடந்தார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அப்பா இறங்கி வந்தார். பரீட்சை எழுதட்டும், ஆனால் கோயில் கூட்டத்துக்கு வீட்டிலிருந்து யாரும் போகக் கூடாது, மன்றாட்டு வாசித்த பிள்ளை வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அந்தக் கடைசி நிபந்தனையை மட்டும் ஆசிரியை வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

கூட்டம் இப்போதும் நடக்கிறது. நான் நாற்காலி போடுகிறேன், அதிகம் பேசுவதில்லை. யாராவது தனியாகப் பேச வந்தால் ஆசிரியையைக் காட்டிவிடுகிறேன்.

போன வாரம் காலை பஸ்ஸில் அவள் ஏறினாள். என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்து நின்றே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பள்ளிக்கூட நிறுத்தத்தில் பஸ் நின்றபோது மட்டும் பொறுக்காமல் எட்டிப் பார்த்தேன். இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.