டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த லாகின் போட்டோ

"டார்ச்சை மட்டும் அணைச்சிடாத" என்றாள் அக்கா.

நான் அணைக்கவில்லை. மாலை மணி 4:21. அக்காவின் லேப்டாப் திரையில், என் டார்ச் வெளிச்சத்தில், ஒரு முகம். டார்ச்சை மெதுவாக இடது பக்கம் நகர்த்தினேன்.

முகமும் இடது பக்கம் திரும்பியது...

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது பதினேழு. கதை கட்டி யாரையாவது மிரட்டும் தெம்பு இப்போது என்னிடம் இல்லை. இரவு 1:10 ஆகிறது. மூன்று நாளாக ஒழுங்கான தூக்கம் இல்லை. யாரிடமாவது கொட்டிவிட்டால் கண் மூடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, கீபோர்டின் மேல் இயர்போன் கிடப்பதைப் பார்க்காமல் அக்காவின் லேப்டாப்பை மூடிவிட்டேன். 'மொறுக்'கென்று ஒரு சத்தம். திரை போயிற்று. அக்கா எட்டு மாதமாக வேலை தேடுகிறாள். ஒரே ஒரு கம்பெனி கடைசிச் சுற்றுவரை கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வீடியோவில் நேர்காணல். அவர்கள் பார்க்கப் பார்க்க ப்ரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும், போனில் முடியாது. கடையில் ஒரு வாரம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள். புதுத் திரை வாங்கி நானே மாட்டித் தருகிறேன் என்று வாயை விட்டேன்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரை வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். ஓரத்துச் சட்டத்தை நகத்தால் நெம்பி எடுத்தேன். பழைய திரையைக் கழற்றி, புதியதில் ஒயரைச் செருகி, மேலே டேப் ஒட்டினேன். கையோடு ஒரு சபாஷும் போட்டுக்கொண்டேன். 2:50க்கு ஆன் செய்தேன்.

ஃபேன் ஓடியது. ஆன் ஆகும்போது வரும் சத்தமும் வந்தது. திரை மட்டும் கும்மிருட்டு.

"என்ன இன்ஜினியரம்மா, பேஷன்ட் கண்ணு முழிக்கலையா?"

"இரு. டார்ச் டெஸ்ட் பண்ணணும்."

திரை மாற்றுவது எப்படி என்று நான் பார்த்த யூடியூப் வீடியோவில் சொல்லியிருந்தார்கள். திரை கறுப்பாக இருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரை நல்ல திரைதான், உள்ளே எரியும் விளக்குதான் எரியவில்லை என்று அர்த்தம். ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டோம். கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து டார்ச் அடித்தேன்.

நடுவில் வெளிறிய வட்டமாக ஏதோ தெரிந்தது.

"என் லாகின் போட்டோ" என்றாள் அக்கா. எட்டு மாதத்தில் அவள் குரலில் அப்படி ஒரு உயிரை நான் கேட்டதில்லை.

எனக்கும் சந்தோஷம்தான். பவரை நிறுத்தி, பேட்டரி ஒயரைப் பிடுங்கி, திரை ஒயரின் மதர்போர்டு பக்கத்து முனையைக் கழற்றித் துடைத்துச் செருகினேன். முதுகு ஒடிந்துபோயிற்று. 3:25. மறுபடி டார்ச்.

வட்டம் பெரிதாகியிருந்தது. அதற்குக் கீழே கழுத்து.

"ஜூம் ஆயிருக்கோ?"

"இருக்கும்" என்றேன். யோசிக்கத் தெம்பில்லை.

பின்னாலிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம். அலமாரிக் கதவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

3:58. மூன்றாவது தடவை.

இப்போது தோள்கள் தெரிந்தன. தோளைத் தாண்டி முடி தொங்கியது. அக்காவுக்குக் கழுத்துவரைதான் முடி. போட்டோவில் கண்ணாடி போட்டிருப்பாள்.

இதற்குக் கண்ணாடி இல்லை.

"டீ... இது நான் இல்ல."

"யாரோ யூஸ் பண்ணின திரைய அனுப்பிருப்பாங்க. வேற யாரோடதோ படம் தங்கியிருக்கும்."

அப்படியெல்லாம் படம் தங்காது. தெரிந்தேதான் சொன்னேன்.

4:21. நான்காவது தடவை.

முகம் முக்கால் திரையை அடைத்திருந்தது.

கண்கள் திறந்திருந்தன...

டார்ச்சை நகர்த்தினேன்.

திரும்பியது.

அக்கா பாய்ந்து திரைச்சீலையை விலக்கினாள். வெயில் உள்ளே கொட்டியது. திரையில் வெறும் கறுப்பு. ஒன்றுமே இல்லை.

நான் டார்ச்சை அணைத்தேன். பிறகு அக்கா, "தூக்கம் கெட்ட கண்ணுடி. எனக்கும்தான், உனக்கும்தான்" என்றாள். "நான் முகம் கழுவி டிரஸ் மாத்திட்டு வரேன். அதுக்குள்ள எதையாவது பண்ணு. எனக்கு இத விட்டா ஒண்ணுமில்ல."

அவள் போனதும், மாட்டிய பிறகு முதல் தடவையாகத் திரையின் பின்பக்கத்தைப் பிரித்தேன். இத்தனை நேரமும் மதர்போர்டு பக்கத்து முனையைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். இந்த முனை நானே செருகி, நானே டேப் ஒட்டியது. இதில் தப்பிருக்கும் என்று தோன்றவே இல்லை.

ஒயரை இழுத்தேன். உள்ளே, திரையின் கம்பிகளின் மேல், புதிதாக வரும்போது ஒட்டியிருக்கும் மெல்லிய மஞ்சள் ஃபிலிம் அப்படியே இருந்தது. அதை உரிக்காமல் அதன் மேலேயே ஒயரைச் செருகியிருக்கிறேன்.

உரித்தேன். மாட்டினேன். 4:47க்குத் திரை பளிச்சென்று வந்தது. நீலப் பின்னணி, ஓரமாகச் சின்னதாக அக்காவின் போட்டோ, கண்ணாடியோடு. ஓரமாக. நடுவில் இல்லை.

அக்கா என் தலையைப் பிடித்து ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு நேர்காணல். இரவு ஒன்பதரைக்கு மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. அம்மா அழுதாள். அக்கா எட்டு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் குறட்டை விட்டுத் தூங்குகிறாள்.

ஃபிலிமைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை.

அது இருந்தவரை லேப்டாப்பிலிருந்து திரைக்கு எதுவும் போயிருக்க முடியாது. லாகின் பக்கம் இல்லை. போட்டோ இல்லை. மதியம் முழுக்க எங்கள் முன்னால் இருந்தது வெறும் கறுத்த கண்ணாடி. கறுத்த கண்ணாடியில் டார்ச் அடித்தால் அதன் எதிரே இருப்பவைதான் தெரியும்.

கட்டிலில் நாங்கள் இரண்டு பேர். எங்களுக்குப் பின்னால் இருக்கும் இடம்.

நான்கு தடவையில் ஒரு தடவைகூட நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டிலிருந்தே செய்கிற வேலை. திங்கட்கிழமையிலிருந்து அக்கா அதே அறையில், அதே கட்டிலில் தனியாக உட்காரப்போகிறாள். நான் லீவு முடிந்து காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விடுவேன். அது என்னைத் தேடி வந்ததென்றால் என்னோடு கிளம்பிவிடும். அப்படி நினைத்துக்கொண்டால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருக்கிறது.

ஆனால் அந்த முகம் எங்கள் இரண்டு தலைக்கும் நட்டநடுவில் இருந்தது...

அது யார் பின்னால் வந்து நின்றது?