இரண்டாம் முறை ஊற்றிய குளோரின்

முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் நடத்தியவன் நான். கிணற்றுக்கு எவ்வளவு குளோரின் போட வேண்டும், எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று தெரியாமல் செய்த பிழை அல்ல இது.

மலேசியாவில், அசாம் ஜாவா என்ற ஊரில், என் வீட்டுப் பின்புறம் ஓர் உறைக்கிணறு இருக்கிறது. அந்த ஆண்டு மழையில் செம்பனைத் தோட்டத்து வடிகால் பொங்கி, எங்கள் கழிவுத் தொட்டியையும் கிணற்றையும் ஒன்றாக மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்த பிறகும் அரசாங்கக் குழாயில் தண்ணீர் வரவில்லை. சுகாதார அலுவலகத்திலிருந்து வந்தவர் குளோரின் தூளைக் கொடுத்து, விளக்கமாகச் சொன்னார். உறைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தூளைக் கரைத்து ஊற்றி ஓர் இரவு முழுதும் விட வேண்டும். பிறகு வாடை போகும்வரை இறைக்க வேண்டும். பரிசோதனை முடிவு வரும்வரை குடிக்கக் கூடாது. நான் தலையாட்டினேன்.

மறுநாள் காலை எங்கள் மாரியம்மன் கோயிலில் வெள்ளத்துக்குப் பிந்திய சுத்தி பூசை. அதற்கு முந்திய பிற்பகல் மூன்று மணிக்குக் குளோரினை ஊற்றிக் கொண்டிருந்தபோது கோயில் தலைவர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்னா சார், அம்மனுக்கு ஸ்விம்மிங் பூல் தண்ணியிலயா அபிஷேகம்?”

“நாளைக்கு மத்தியானம் எடுத்துக்கலாங்க.”

“ஐயர் காலையில ஆறு மணிக்கே வந்திருவாரு லா. உங்க கிணத்த நம்பித்தான் எல்லாருக்கும் சொல்லிட்டேன்.”

என் கிணற்றை நம்பி என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. ஐந்து மணிக்கே மோட்டாரைப் போட்டேன். வாடை போகும்வரை இறைத்தேன். கிணறு மறுபடி ஊறியது. கிணற்றிலிருந்து வீட்டுக்குப் போகும் குழாய்களில் மருந்து ஏறவே இல்லை.

காலையில், கோயிலில் வழக்கமாக நீர்மோர் கலக்கும் அம்மா குடத்தோடு வந்தார். கணவரை இழந்தவர். ஒரே மகன் ரவாங்கில் தொழிற்சாலை வேலை.

“சார், தண்ணிய கொதிக்க வச்சு ஆற வைக்கவா?”

“வேணாம்மா. மருந்து போட்டாச்சு.”

மோர் குடித்தவர்களுக்கு அன்று மாலையே வாந்தியும் பேதியும் தொடங்கின. பதினைந்து பேருக்கு மேல் படுத்தார்கள். கடைசி வீட்டு லோரி ஓட்டுநரின் மனைவி சர்க்கரை நோயாளி. நான்காம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனார்.

அவர் மருத்துவமனையில் கிடந்தபோதுதான் நான் இரண்டாம் முறை குளோரின் ஊற்றினேன். இம்முறை எல்லாம் முறைப்படி. கதவைச் சாத்திக்கொண்டு உறைகளைத் தேய்த்தேன். ஒவ்வொரு குழாயையும் வாடை வரும்வரை திறந்து வைத்தேன். இரவு முழுதும் விட்டேன். இறைத்து முடித்து, தண்ணீர் தெளிந்த பின் மாதிரி எடுத்துச் சுகாதார அலுவலகத்தில் கொடுத்தேன். தண்ணீரில் குறை இல்லை என்று தாள் வந்தது.

கோயில் கூட்டத்தில் எல்லாரும் மோர் கலக்கிய அம்மாவைத்தான் பார்த்தார்கள். “கைய கழுவுனாங்களா, சட்டிய கழுவுனாங்களா, யாருக்குத் தெரியும்?” என்று ஒரு குரல் கேட்டது. அந்த அம்மா எழுந்து, “சார் கிட்ட கேட்டுத்தானே கலந்தேன். சொல்லுங்க சார்,” என்றார்.

நான் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் அதை உரக்கப் படித்தார்.

பிறகு அந்த அம்மாவைக் கோயில் வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. அவர் கொடுத்த பலகாரத்தைப் பக்கத்து வீட்டார் வாங்கி, சாப்பிடாமல் வைத்தார்கள். சில மாதங்களில் மகனிடம் போய்விட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, இந்த ஆண்டுதான் ரவாங்குக்குப் போனேன். அடுக்குமாடி வீட்டில், காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. என்னை உட்காரச் சொல்லவும் இல்லை.

“எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. நான் செய்யலன்னு எனக்குத் தெரியாதா? அங்க போய் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் எழுந்து சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. தலைவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். “சாருக்கு வயசாயிருச்சு. மனசுல என்னத்தையோ போட்டு குழப்பிக்கிறாரு. அதான் தண்ணி டெஸ்ட் பேப்பர்லயே வந்திருச்சே சார், விடுங்க லா,” என்றார். சிலர் இரக்கத்தோடு சிரித்தார்கள்.

யாரும் நம்பவில்லை என்று அந்த அம்மாவிடம் போனில் சொன்னேன். “நம்புற வரைக்கும் சொல்லுங்க,” என்று வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளியும் எழுந்தேன். நான் வாயைத் திறந்ததுமே தலைவர் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டார். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த லோரி ஓட்டுநர் எழுந்து போய், சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

“எத்தன மணி நேரம் போட்டீங்க சார்?”

“ரெண்டு மணி நேரம்.”

“எவ்வளவு நேரம் போடணும்?”

சொன்னேன்.